இரண்டு ஆணியும் ஒரு தோல் உறையும்

காலை ஏழு மணி இருக்கும். விழுப்புரம்–புதுச்சேரி சாலையில், கண்டமங்கலத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என்னோடு பள்ளியில் படித்தவனின் மகன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அரிசி மண்டி வைத்திருக்கிறான்.

"பெரிப்பா, ஒரு சந்தேகம் கேக்கணும்" என்றான். கேட்டபடியே சட்டையின் முன்பக்கத்தை லேசாகத் தூக்கினான். பேண்டுக்கும் வயிற்றுக்கும் நடுவில் கறுப்பாக ஒரு கைப்பிடி தெரிந்தது.

அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினேன். "சட்டைய எறக்கு. இங்க வேணாம்டா தம்பி. டீயக் குடி, வீட்டுக்குப் போயிப் பாக்கலாம்."

அவன் அப்பா போன வருடம் காலமானார். அவரிடம் இருந்த துப்பாக்கி வாரிசு லைசென்ஸில் இவன் பெயருக்கு மாறியிருக்கிறது. அப்பாவின் பழைய லைசென்ஸ் புத்தகத்தை நான் பார்த்திருக்கிறேன். முதல் பக்கத்து முத்திரையில் தென்னாற்காடு மாவட்டம் என்றுதான் இருக்கும். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-ல். அந்தக் காலத்தில் அவர் வைத்திருந்தது ரெட்டைக்குழல். வயதான பிறகு அதைத் தூக்க முடியவில்லை என்று விற்றுவிட்டு, நம் நாட்டு அரசாங்க ஆலையில் செய்த .32 பிஸ்டலை வாங்கினார். அதுதான் இப்போது மகன் இடுப்பில், உறை இல்லாமல்.

அவனுக்கு இரண்டு கேள்விகள். விலை குறைந்த உள்நாட்டு பிஸ்டலை நம்பலாமா? எந்த உறை வாங்கலாம்? ராணுவத்தில் இருபது வருடத்துக்கு மேல் ஆர்மரராக, அதாவது ஆயுதம் பழுது பார்ப்பவனாக இருந்தவன் நான். இந்த இரண்டு கேள்வியும் அடிக்கடி என் வீட்டு வாசலுக்கு வருகின்றன. அன்று அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில், நம் நாட்டில் எது விலை குறைந்த பிஸ்டல் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் கடைக்குப் போனால் 9 மில்லிமீட்டரில் பத்துக் கம்பெனி, பத்து விலை. இங்கே 9 மில்லிமீட்டர் சாதாரண லைசென்ஸுக்குக் கிடையாது. அது படைக்கும் போலீசுக்கும் உரிய அளவு. ராணுவத்தில் நான் கையாண்ட 9 எம்.எம். 1ஏ பிஸ்டல் வங்கத்தில் இஷாப்பூர் ஆலையில் செய்தது. பழைய பிரௌனிங் ஹை-பவரின் வழி வந்தது, மேகசினில் 13 தோட்டா பிடிக்கும். அதை வீட்டுக்கு வாங்க முடியாது. வெளிநாட்டு பிஸ்டல்களைச் சாதாரண ஆள் இறக்குமதி செய்வதும் 1980-களின் நடுவிலேயே நின்றுபோனது. அதற்கு முன்னால் வந்த பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிகள் லைசென்ஸ்காரர்களுக்குள்ளேயே கை மாறிக்கொண்டிருக்கின்றன, பல லட்சத்துக்கு. நாற்பது, ஐம்பது வருடம் தேய்ந்த ஸ்பிரிங்குக்கு அந்த விலை.

மிச்சம் இருப்பது உள்நாட்டு .32. ரிவால்வர் என்றால் பெரும்பாலும் கான்பூர். 2014-ல் பெண்களுக்கென்று சொல்லி 'நிர்பீக்' என்ற 500 கிராம் ரிவால்வரைச் சுமார் 1.22 லட்சத்துக்கு வெளியிட்டார்களே, அதே ஊர். பிஸ்டல் என்றால் பெரும்பாலும் வங்கத்து ஆலைகளின் .32. அதில் ஒன்றுக்கு 'அஷானி' என்று பெயர். நம் தமிழ் அசனிதான் அது, இடி என்று பொருள். 2021 அக்டோபர் முதல் தேதி பழைய படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தை ஏழு கம்பெனிகளாகப் பிரித்தார்கள். துப்பாக்கி ஆலைகள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு கம்பெனிக்குப் போயின, நம் திருச்சி ஆலையும் சேர்த்து. துப்பாக்கியில் பொறித்த எழுத்து மாறியதே தவிர, உள்ளே இருக்கும் வேலைப்பாடு ஒரே நாளில் மாறிவிடாது.

ரிவால்வருக்கும் .32, பிஸ்டலுக்கும் .32 என்று சொன்னாலும் இரண்டின் தோட்டாவும் வேறு. கடையில் கேட்கும்போது இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பிஸ்டல் தோட்டாவின் இன்னொரு பெயர் 7.65. ஜான் பிரௌனிங் 1899-ல் வடிவமைத்தது, பெல்ஜியத்தில் எஃப்.என். கம்பெனிக்காக.

பிரௌனிங் பெயரைச் சொன்னதும் தம்பி நிமிர்ந்து பார்த்தான். வாஞ்சிநாதன் கையில் இருந்ததும் பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல்தான். 1911 ஜூன் 17, மணியாச்சி சந்திப்பில் கலெக்டர் ஆஷைச் சுட்டது அதைக் கொண்டுதான். அதற்கு முன் வாஞ்சி புதுச்சேரி வந்து வ.வே.சு. ஐயரிடம் சுடும் பயிற்சி எடுத்தார். 1879-லிருந்து விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் ஓடுகிற ரயில் நம் பக்கத்துச் சின்னபாபுசமுத்திரத்தைத் தாண்டித்தான் போகிறது. பிரெஞ்சு எல்லைக்கு வந்து போனவர்கள் யார் யார் என்று வெள்ளைக்காரப் போலீஸ் இந்தப் பாதையில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நின்ற காலம் அது. சட்டைப் பைக்குள் அடங்கும், குண்டு தீர்ந்தால் நொடியில் மேகசின் மாற்றலாம் என்ற பொருள் அப்போது உலகத்துக்கே புதிது. அது இந்தப் பாதையோரம் எப்போதோ வந்துவிட்டது.

சரி, நம்பகத்துக்கு வருவோம்.

பிஸ்டல் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் எங்கே மக்கர் பண்ணும் என்பதும் தானாகப் புரியும். இந்தச் சின்ன .32 வகையில் பூட்டு என்று தனியாக ஒன்றும் கிடையாது. மேலே இருக்கும் ஸ்லைடின் கனமும், உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும்தான் தோட்டாவின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சுட்டதும் குண்டு முன்னால் போகிறது, காலிக் கூடு பின்னால் தள்ளுகிறது. அந்தத் தள்ளலில் ஸ்லைடு பின்வாங்குகிறது. ஒரு சின்னக் கொக்கி கூட்டை இழுத்துக்கொண்டு வருகிறது, இன்னொரு முனை அதைத் தட்டி வெளியே எறிகிறது. ஸ்பிரிங் ஸ்லைடைத் திரும்ப முன்னால் தள்ளும்போது மேகசினில் மேலே நிற்கும் தோட்டாவையும் வாரிக்கொண்டு போய்க் குழலின் பின்முனையான சேம்பரில் செருகிவிடுகிறது. கண் இமைப்பதற்குள் இவ்வளவும் நடந்தாக வேண்டும். இதில் ஏதாவது ஒன்று தாமதித்தால் ஜாம்.

ஆர்மரர் வேலையில் என் மேஜைக்கு வந்த பிஸ்டல்களில் பாதிக்கு மேல் பிஸ்டலில் கோளாறே இருக்காது. மேகசினில்தான் இருக்கும். மேலே இரண்டு பக்கமும் உதடு மாதிரி மடித்திருப்பார்கள். கீழே விழுந்து அந்த உதடு ஒரு மயிரிழை விரிந்தாலும் தோட்டா தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதனால் பிஸ்டல் வாங்குகிறவன் கூடவே இன்னொரு மேகசினும் வாங்க வேண்டும். அடிக்கடி ஜாம் ஆகிறது என்றால் முதலில் மேகசினை மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டிலும் ஆனால்தான் பிஸ்டலைச் சந்தேகப்படலாம். ஒன்றில் மட்டும் ஆனால் அந்த மேகசினை ஒதுக்கிவிட வேண்டியதுதான். அதில் கஞ்சத்தனம் கூடாது.

இந்த .32 தோட்டாவுக்கென்றே ஒரு கோளாறு உண்டு. கடைக்காரரிடமும் யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. அதை வாயால் சொல்லி விளங்க வைப்பது கஷ்டம். டீக்கடைக்குப் பக்கத்து ஹார்டுவேர் கடையில் இரண்டு இஞ்ச் ஆணி இரண்டு வாங்கிவரச் சொன்னேன்.

இரண்டு ஆணியையும் பெஞ்சின் மேல் ஒன்றன் மேல் ஒன்றாக, படுக்கைவாட்டில் வைத்தேன். இரண்டின் கூர்முனையும் ஒரே பக்கம். மேல் ஆணியின் தலை, கீழ் ஆணியின் தலைக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது. மேல் ஆணியைக் கூர்முனைப் பக்கமாகத் தள்ளு என்றேன். வழுக்கிக்கொண்டு போனது. திரும்ப வைத்தேன், இந்தத் தடவை மேல் ஆணியின் தலை பின்னால். "இப்பத் தள்ளு." தள்ளினான். மேல் தலை கீழ்த் தலையில் மோதி நின்றது. அழுத்தித் தள்ளினான். இரண்டு ஆணியும் சேர்ந்து நகர்ந்தன, பிரியவில்லை.

"இதான் உன் தோட்டா" என்றேன். 9 எம்.எம். தோட்டாவின் அடிவட்டம் உடம்போடு சமமாக இருக்கும். .32-ன் அடிவட்டம் உடம்பைவிட மயிரிழை பெருத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேகசினில் அடைக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். மாறி உட்கார்ந்தால் இரண்டும் கொக்கி போட்டுக்கொள்ளும். ஸ்லைடு வந்து எவ்வளவு தள்ளினாலும் நகராது. அந்த ஜாமை ஸ்லைடை இழுத்து அடித்தும் சரிசெய்ய முடியாது. மேகசினைக் கழற்றி, தோட்டாக்களைக் கையால் பிரித்து எடுத்து, ஒழுங்காகத் திரும்ப அடைக்க வேண்டும். நீளம் குறைந்த தோட்டாவாக இருந்தால் மேகசினுக்குள் முன்னும் பின்னும் இடம் இருக்கும். வண்டியில் குலுங்கிக் குலுங்கி, ஒழுங்காக அடைத்ததுகூட மாறிக்கொள்ளும். பூனா பக்கத்துக் கட்கி ஆலையின் முழுநீள உலோக உறைக் குண்டுத் தோட்டா, 'கே.எஃப்.' முத்திரை போட்டது, இந்த விஷயத்தில் நல்லது. மூக்குத் தட்டையான குட்டைத் தோட்டா எங்காவது கிடைத்தாலும் இந்த பிஸ்டலுக்கு வேண்டாம்.

தம்பி ஆணிகளைக் கையில் எடுத்து நாலைந்து தடவை தள்ளித் தள்ளிப் பார்த்தான். கடைக்காரரும் எட்டிப் பார்த்தார். "ஆணில இன்னா வேல?" என்றார். "தச்சு வேல கத்துத் தரேன்" என்று சொல்லி எழுந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, காலி செய்வது. ராணுவத்தில் 'காலி கர்' என்ற ஒரு கட்டளையை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். அதன் வரிசை மாறவே கூடாது. முதலில் மேகசினை வெளியே எடு. பிறகு ஸ்லைடை முழுசாக இழு. உள்ளே கண்ணால் பார், சுண்டுவிரல் நுனியால் தடவியும் பார். வரிசையை மாற்றி, முதலில் ஸ்லைடை இழுத்துவிட்டுப் பிறகு மேகசினை எடுத்தால் என்ன ஆகும்? இழுத்த தோட்டா வெளியே விழும், ஆனால் ஸ்லைடு திரும்பும்போது மேகசினிலிருந்து இன்னொன்றை உள்ளே கொண்டுபோய் வைத்துவிடும். மேகசின் கையில் இருக்கிறது, பிஸ்டல் காலி என்று ஆள் நினைத்துக்கொள்வான். துடைக்கும்போது வெடித்தது என்று செய்தியில் படிக்கிறோமே, அதில் பலவற்றுக்குக் காரணம் இந்த வரிசைப் பிசகுதான். தம்பிக்கு இதைச் செய்துகாட்டி, அவனையும் பத்துத் தடவை செய்யவைத்தேன். பத்தாவது தடவையும் விரல் விசைக்குள், அதாவது டிரிகருக்குள், போகப் பார்த்தது. "விரல நீட்டி ஓரமா வை" என்று மறுபடி சொன்னேன். இதில் பொறுமை இழந்து பயன் இல்லை. பழகியே தீர வேண்டும்.

பிஸ்டலைப் பிரித்துப் பார்த்தேன். ஸ்லைடின் தடத்தில் தேன் காய்ந்த மாதிரி பழுப்பாக ஒரு பிசின். "அப்பா இன்னா எண்ண போட்டாரு?" என்றதற்கு, "தேங்கா எண்ண" என்றான். நினைத்தேன். தேங்காயெண்ணெய் நாள் கழித்துக் கெட்டியாகிவிடும், மார்கழிக் குளிரில் உறையவும் செய்யும். ஸ்லைடு நகர வேண்டிய வேகத்தில் நகராது, காலிக் கூடு வாசலிலேயே நின்றுகொள்ளும். அவர் துப்பாக்கியைப் பத்து வருடம் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார், அக்கறையில் குறை இல்லை, எண்ணெய்தான் தப்பு. துப்பாக்கி எண்ணெய் வேண்டும். கிடைக்காத ஊரில் தையல் மிஷின் எண்ணெய் போதும், மெல்லியது. துடைத்து, ஒரு சொட்டு, மறுபடி துடைத்து. எண்ணெய் வழியும்படி விட்டால் புழுதி ஒட்டும். மண்டியில் தவிட்டுத்தூள் பறக்கிறது, அதுவும் எண்ணெயும் சேர்ந்தால் களிம்புதான். தோட்டாவில் எண்ணெய் படவே கூடாது. அடியில் இருக்கும் பிரைமருக்குள் எண்ணெய் இறங்கினால் சுடும்போது 'டிக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடும்.

அப்படி 'டிக்' என்று மட்டும் கேட்டால் அவசரப்பட்டுத் திறக்கக் கூடாது. குழல் பாதுகாப்பான திசையைப் பார்த்தபடியே அரை நிமிடம் வைத்திருக்க வேண்டும். மருந்து தாமதமாகப் பற்றிக்கொள்வதும் உண்டு.

அப்பாவின் தோட்டாக்களையும் கொண்டுவந்திருந்தான். பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. எங்கே வைத்திருந்தார்? தோல் உறையின் பக்கத்துப் பையில், வருடக் கணக்காக. இவற்றைச் சுட்டுப் பார்க்காதே, லைசென்ஸ் கடையில் காட்டி முறைப்படி ஒப்படைத்துவிட்டுப் புதிது வாங்கு என்றேன். தோட்டா எத்தனை வாங்கலாம் என்பது லைசென்ஸிலேயே இருக்கும்.

அப்படியானால் இந்த பிஸ்டலை நம்பலாமா? என் பதில் இது. நல்ல மேகசின், புதுத் தோட்டா, சுத்தமான தடம், உறுதியான மணிக்கட்டு. இந்த நாலும் இருந்தால் நம்பலாம். மணிக்கட்டைத் தளரவிட்டுச் சுட்டால் ஸ்லைடு பின்வாங்கும்போது பிஸ்டலும் சேர்ந்து பின்வாங்கும், ஸ்பிரிங்குக்குப் போக வேண்டிய தள்ளல் பாதிதான் போகும், ஜாம் ஆகும். துப்பாக்கி மேல் பழி விழும். உள்நாட்டு .32-ல் வேலைப்பாடு ஒன்றுக்கொன்று கொஞ்சம் ஏறக்குறைய இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றில் விசை கனம், ஒன்றில் கொக்கி கூர்மை போதாது. அதனால் பெட்டியிலிருந்து எடுத்ததை அப்படியே நம்பிவிடக் கூடாது. சென்னை, கோவை, மதுரை மாதிரி ஊர்களில் ரைஃபிள் கிளப் இருக்கிறது. முறைப்படி சேர்ந்து, இரண்டு மேகசினிலும் மாற்றி மாற்றி ஐம்பது தோட்டாவாவது சுட்டுப் பார்க்க வேண்டும். எந்தத் தோட்டாவில், எந்த மேகசினில் நின்றது என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். தோட்டா விலை கூடுதல்தான். சுடாமலே பத்து வருடம் இடுப்பில் வைத்திருப்பதைவிட அந்தச் செலவு மேல்.

இனி உறை.

"பேண்ட்ல சொருகினா டைட்டா நிக்குது பெரிப்பா, உறை எதுக்கு?" என்று கேட்டான். நான் 2016-ஆம் வருடத்து ஆயுத விதிகளைச் சொன்னேன். அதில் 32-வது விதி. பொது இடத்தில் கைத்துப்பாக்கியை இடுப்பில் கொண்டுபோனால், அதற்கென்று செய்த உறையில், உடம்போடு சேர்த்துக் கொண்டுபோக வேண்டும். முழுக்க மூடியிருக்க வேண்டும். வைத்திருப்பவனின் முழுக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். எடுத்துக் காட்டி மிரட்டுவது, வீசிக் காட்டுவது கூடாது. மீறினால் லைசென்ஸ் போகும், துப்பாக்கியும் போகும். "காலைல டீக்கடைல சட்டையத் தூக்கின பாரு, அதுக்கே போதும்." பையன் முகம் வெளிறிவிட்டது. அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, தெரியாமல் செய்தான். லைசென்ஸ் கொடுக்கும்போது இந்த விதியை உட்காரவைத்து வாசித்துக் காட்ட ஒரு ஆள் இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு மனதில் பட்டது.

சட்டத்தை விடுவோம். பேண்டில் செருகினால் விசை திறந்தபடி இருக்கிறது. சட்டை நுனியோ, பெல்ட் பக்கிளோ, செருகும்போது விரலோ போய் இழுத்தால் குழல் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறது என்று யோசித்துப் பார்த்தால் போதும். உறையின் முதல் வேலை விசையை முழுசாக மூடுவது. மற்றதெல்லாம் அப்புறம்.

நம் பக்கத்தில் இன்னொரு பழக்கம் உண்டு. வேட்டி கட்டும் பெரியவர்கள் பச்சை பெல்ட்டின் பைக்குள் பிஸ்டலை வைத்துக்கொள்வார்கள். பணம், சில்லறை, வெற்றிலை, சுண்ணாம்பு டப்பா, அதோடு பிஸ்டல். அப்படி வைத்திருந்த ஒருவரின் பிஸ்டலை ஒரு தடவை பிரித்தேன். குழல் வாயில் பாக்குத்தூள், மேகசின் உதட்டில் சுண்ணாம்பு காய்ந்து ஒட்டியிருந்தது. சுண்ணாம்பு இரும்பை அரிக்காவிட்டாலும் தடத்தை அடைத்துவிடும். வேட்டிக்கு உறை பொருந்தாது என்பதுதான் உண்மை. கெட்டியான தோல் பெல்ட்டும் அதை வாங்கிக்கொள்ளும் பேண்டும் இருந்தால்தான் பிஸ்டல் நிற்கும். மெல்லிய பெல்ட்டில் மாட்டினால் உறை வெளிப்பக்கம் சாய்ந்து தொங்கும், வண்டி ஓட்டும்போது இருக்கையில் இடிக்கும்.

மலிவாகக் கிடைப்பது நைலான் துணி உறை. எல்லா பிஸ்டலுக்கும் ஒன்று என்று சொல்லி விற்பார்கள். எல்லாவற்றுக்கும் பொருந்துவது எதற்கும் சரியாகப் பொருந்தாது. பிஸ்டலை எடுத்ததும் வாய் சுருங்கிக்கொள்ளும். திரும்ப வைக்க இன்னொரு கையால் வாயைப் பிரிக்க வேண்டியிருக்கும், குழல் அந்தக் கையைப் பார்த்தபடி. இதனால்தான் எனக்கு அது பிடிக்காது. கைடெக்ஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி அச்சில் வார்த்த உறை நல்லது. வேர்வையை உறிஞ்சாது, வாய் சுருங்காது, விசையைக் கச்சிதமாக மூடும். ஆனால் அதே மாடல் பிஸ்டலுக்கு வார்த்ததாக இருக்க வேண்டும். வெளிநாட்டு மாடல்களுக்கு ஏராளம் கிடைக்கிறது, நம் .32-க்குத் தேட வேண்டியிருக்கிறது. ஏதோ ஒரு மாடலுக்கு வார்த்ததில் திணித்துப் பார்ப்பது ஆபத்து.

ஆகவே நம் ஊருக்கு நான் சொல்வது தோல். அதிலும் மரப்பட்டையில் பதனிட்ட தோல். தமிழ்நாட்டுத் தோலுக்கு ஒரு காலத்தில் உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தந்தது ஆவாரம்பட்டை. கொன்றைப்பட்டையும் போடுவார்கள், பிறகு வாட்டில் பட்டை வந்தது. திண்டுக்கல்லிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் அப்படிப் பதனிட்ட தோல் கப்பல் கப்பலாகப் போனது. பட்டைத் தோல் விறைப்பாக இருக்கும். தண்ணீரில் நனைத்து, பிஸ்டல் வடிவக் கட்டையின் மேல் இழுத்து அழுத்திக் காயவிட்டால் அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். விசைக் காப்பின் வளைவுகூட வெளியே தெரியும் அளவுக்குப் பதியும். அந்தப் பதிவுதான் பிஸ்டலைப் பிடித்து நிறுத்தும். குரோம் போட்டுப் பதனிட்ட தோல் செருப்புக்கும் பைக்கும் அருமை, மெத்தென்று இருக்கும். உறைக்கு அந்த மெத்துதான் கெடுதல். அதிலிருக்கும் உப்பு இரும்பையும் தின்னும். தோலை வாங்கும்போது வெட்டிய ஓரத்தைப் பார்த்தால் தெரியும். பட்டைத் தோலின் ஓரம் உள்ளேயும் மண் நிறம், குரோம் தோலின் ஓரத்தில் நீலமோ சாம்பலோ ஓடும். சாயம் ஏற்றியிருந்தாலும் ஓரம் காட்டிக்கொடுத்துவிடும்.

மேலே மூடிப் பட்டன் போடும் மூடி உறையைத்தான் அவனுக்குச் சொன்னேன். போலீசில் பார்க்கிற மாதிரி. எடுக்க ஒரு நொடி கூடுதலாகும் என்றான். ஆகட்டும். மண்டிக்காரன் சினிமாவில் வருகிற மாதிரி உருவப் போவதில்லை. பைக்கில் போகும்போது பள்ளத்தில் இறங்கித் தூக்கிப் போட்டால் பிஸ்டல் சாலையில் விழாமல் இருப்பதுதான் அவனுக்கு வேண்டியது. மூடி இருந்தால் மழைக்கும் தவிட்டுக்கும் காப்பு, விதி சொன்னபடி முழுக்க மறைந்தும் இருக்கும். வலது கைக்காரனுக்கு வலது இடுப்பு எலும்புக்குச் சற்றுப் பின்னால். தோளில் மாட்டுவது பார்க்க அழகு, ஆனால் பின்னால் நிற்பவனைக் குழல் பார்த்துக்கொண்டிருக்கும். பேண்டுக்கு உள்ளே வைக்கும் உறை நம் வெயிலில் வேலைக்கு ஆகாது. சித்திரையில் ஒரு நாள் வைத்துவிட்டு ராத்திரி துடைக்காமல் விட்டால், காலையில் கட்டைவிரல் பட்ட இடத்தில் செம்புள்ளி பூத்திருக்கும். கடல் இங்கிருந்து 20 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கிழக்குக் காற்றில் உப்பு உண்டு.

சேம்பரில் தோட்டா வைக்காமல் உறையில் போடு என்றேன். பழைய வடிவமைப்புகளில், கீழே விழுந்தால் ஊசி போய்த் தோட்டாவைத் தட்டாமல் தடுக்கும் ஏற்பாடு இல்லாதவை உண்டு. சேஃப்டி பொத்தான் விசையைத் தடுக்கும், ஆனால் விழுகிற வேகத்தையும் தடுக்கும் என்று எல்லாவற்றிலும் சொல்ல முடியாது.

இன்னொரு விஷயம், உறை கொண்டுபோவதற்கு மட்டும்தான், வைத்துப் பூட்டுவதற்கு அல்ல. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்பாவின் தோட்டாவில் பச்சை ஏறியது அதனால்தான். வீட்டுக்கு வந்ததும் காலி செய்து, துடைத்து, எண்ணெய்த் துணியில் சுற்றி இரும்புப் பெட்டகத்தில் பூட்டு. தோட்டா வேறு இடத்தில், வேறு பூட்டில். உறையை நிழலில் காற்றாட மாட்டு. வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், சாவி உன்னிடம் மட்டும்.

தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024-ல் மார்ச் நடுவில் நடத்தை விதி வந்து, ஜூன் வரை இருந்தது. அத்தனை நாள் பூட்டிய அறையில் கிடக்கப் போகிறது என்பதால் கொடுப்பதற்கு முதல் நாள் குழலுக்குள் எண்ணெய்த் துணியை விட்டு இழுத்து, வெளியே மெல்லிய பூச்சு கொடுத்து, உறை இல்லாமல் துணியில் சுற்றிக் கொடுக்க வேண்டும். ரசீதில் துப்பாக்கி எண்ணைச் சரிபார்த்து வாங்க வேண்டும். திரும்பி வந்ததும் துடைத்துக் குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்க்க வேண்டும்.

பத்து நாள் கழித்து வந்தான். திண்டிவனத்தில் ஒரு தோல் வேலைக்காரர் தைத்துக் கொடுத்த மூடி உறை, தேன் நிறத்தில், வெட்டிய ஓரம் உள்ளேயும் அதே நிறம். பிஸ்டல் அளவுக்குத் தேக்குக் கட்டையில் அச்சு செதுக்கிக் கொடுத்தானாம், பிஸ்டலை அங்கே எடுத்துப் போகவில்லை. நான் கேட்காமலே அதைச் சொன்னான். காலி பிஸ்டலை உறையில் வைத்துத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினேன், அசையவில்லை.

புதுத் தோட்டாவும் வாங்கியிருந்தான். திண்ணையில் பாயை விரித்து உட்கார்ந்து மேகசினில் அடைக்கத் தொடங்கினான். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதை அழுத்தியவன் நிறுத்தினான். வெளிச்சத்தில் சாய்த்துப் பின்பக்கத் துளை வழியாக அடிவட்டத்தைப் பார்த்தான். அதை வெளியே எடுத்து, விளிம்பு முன்னால் வரும்படி திரும்ப அழுத்தினான். நான் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் இரண்டு டீ போடச் சொன்னேன்.